உங்களுக்குத் தெரியுமா? பினாங்கு குருத்துவாராவும் சமபந்தியும்

பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள மாக் மண்டினிலிருந்து கடலைக் கடந்தால், தீவில் ஜார்ஜ் டவுனின் ஜாலான் குருத்துவாரா. அங்குள்ள சீக்கியர் வழிபாட்டிடமான வாடா குருத்துவாரா, 1897-இல் நடந்த விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக எழுப்பப்பட்டது. அங்கு போற்றப்படும் சீக்கிய நெறியை வளர்த்த முதல் ஐந்து குருமார்கள்:

● குரு நானக் (1469–1539): உழைத்து உண், பகிர்ந்து கொடு, இறைவனை நினை என்றார். சாதி உயர்வு தாழ்வை மறுத்தார்.

● குரு அங்கத்: பஞ்சாபி மொழியின் குருமுகி எழுத்தைச் செம்மைப்படுத்திப் பரப்பினார்.

● குரு அமர்தாஸ்: தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் சமமாக அமர்ந்து உண்ண வேண்டும் என்றார். உடன்கட்டை ஏறுதலை எதிர்த்தார்.

● குரு ராம்தாஸ்: அமிர்தசரஸ் நகருக்கு அடித்தளமிட்டார்.

● குரு அர்ஜன்: 1604-இல் சீக்கியரின் மறைநூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்து நிறைவு செய்தார். நெசவாளர் கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், தையற்கலைஞர் நாம்தேவ், சூஃபி ஞானி ஃபரீத் ஆகியோரின் பாடல்களையும் அதில் சேர்த்தார்.

குரு அமர்தாஸ் வலியுறுத்திய, 'லங்கர்' எனும் சமபந்தியில் இன்றும் எம்மதத்தவரும் இலவசமாக உண்ணலாம், உணவு சைவம். தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். சமத்துவம் என்பதை அவர்கள் பந்தியிலேயே கற்கட்டும்.