குறும்பை ஆட்டு ரோமமும் கைநூற்பாளர் கேட்கும் தரமும்



மளிகை வியாபாரிக்கும் ஆட்டு ரோமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் புளி கொள்முதலுக்காகத் தாராபுரம் பக்கம் போயிருந்தேன். ஒரு பட்டியில் அன்று ரோமம் கத்தரித்திருந்தார்கள். வேலி ஓரமாகக் குவித்துக் கிடந்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கத்தரிக்கிற கூலிக்கே கட்டுபடியாகலீங்கண்ணா. தென்னை மூட்டுல போட்டுருவோமுங்க" என்றார் பட்டிக்காரர். ஈரத்தைப் பிடித்து வைக்கும், மட்கினால் தழைச்சத்து, ஆகவே தென்னைக்கு நஷ்டமில்லை. ஆனால் ஒரு சரக்கு இப்படி வேலியோரம் கிடப்பதை வியாபாரி கண் சும்மா பார்க்காது. அன்று முதல் விசாரித்ததில் தெரிந்து கொண்டவற்றை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியில் இருந்தவை குறும்பை ஆடுகள். கால்நடைத் துறையார் இதைக் கோயம்புத்தூர் இனம் என்றே எழுதுகிறார்கள். வெள்ளை உடம்பில் கறுப்போ பழுப்போ திட்டுகள் இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிக்கலாம். இரண்டும் சேர்ந்தாலும் ஆட்டுக்கு ஒரு கிலோ தேறாது. நம் பக்கத்து மற்றோர் இனமான மேச்சேரிக்குக் கம்பளி ரோமமே கிடையாது. அது கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. இன்று குண்டடம் சந்தையில் ஆட்டுக்கு விலை சொல்லுவது கறியை வைத்துத்தான். ரோமத்துக்குக் காசில்லை என்றால் குறும்பையை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? மேச்சேரிக் கிடாயைச் சேர்த்துவிட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் பட்டியே மாறிவிடும்.

நீலகிரி மலையில் இன்னோர் இனம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆடுகளோடு நம் குறும்பையும் கலந்து உருவானது அது. மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாக மாற மாற, மந்தைகளும் குறைந்து போயின. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தை வைத்துக் காத்து வருகிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரோமத்தின் பருமனில். அதை மைக்ரான் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்கு. மெரினோ சுமார் 20, நீலகிரி 27 அளவில், குறும்பை 40 அளவில் இருக்கும். 30க்கு மேல் போனால் உடம்பில் குத்தும். மேலும் குறும்பை ரோமத்தில் பாதிக்கு மேல் நடுவில் குழல் போல் வெற்றிடம் இருப்பதால் சாயம் சரியாக ஏறாது. மில்காரர்கள் இதை மட்டம் என்று ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான்.

கையால் நூற்பவர்கள் அப்படி ஒதுக்குவதில்லை. நாங்கள் படித்த காலத்தில் பள்ளியில் தக்ளி கொடுத்துப் பஞ்சு நூற்க வைத்தார்கள். என் நூல் முழத்துக்கு ஒரு முறை அறுந்தது வேறு கதை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கம்பளி நூற்பதையே பொழுதுபோக்காகக் கொண்டு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஆட்டின் ரோமத்தை முழுதாக வாங்கி, தாங்களே அலசி, சீவி, நூற்று, எந்த இனத்து ரோமம் எதற்கு ஆகும் என்று எழுதி வைக்கிறார்கள். மெல்லியது சால்வைக்கு, முரடானது விரிப்புக்கும் பைக்கும். அழியும் இனங்களின் ரோமத்தைத் தேடி வாங்க வைப்பதற்காக அமெரிக்காவில் கால்நடை இனக் காப்பு அமைப்பு ஒன்று 2019இல் ஒரு திட்டமே தொடங்கியது. நூற்பவருக்குப் பாஸ்போர்ட் போல ஒரு புத்தகம். ஒவ்வோர் அரிய இனத்தின் ரோமம் வாங்கும்போதும் அதை வளர்ப்பவர் தரும் முத்திரையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வடகோடியில் கடற்பாசி தின்று வளரும் நார்த் ரொனால்ட்சே ஆடு ஒன்று உண்டு. அதன் ரோமத்தைத் தீவிலேயே சிறு ஆலை வைத்து நூலாக்கி, ஆட்டின் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். அதே பிரிட்டனில் பெயரில்லாமல் பொதியில் கலந்து போகும் ரோமத்துக்கோ கத்தரிக்கும் கூலி கூடத் தேறுவதில்லை என்று பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள்.

இந்த இடத்தில்தான் நமக்குத் தெரிந்த கணக்கு வருகிறது. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒன்றாகக் கொட்டி ஏலத்துக்குக் கொண்டு போனால் யார் என்ன விலை கேட்பார்கள்? கிழங்கு விலைதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பின்னால் தரம் பிரித்த சரக்கு இருந்ததால் அந்தப் பெயர் செல்லும். ஆட்டு ரோமத்தில் நாம் பெயரையும் வைக்கவில்லை, தரத்தையும் பிரிக்கவில்லை. கழுத்து, தோள் பகுதி ரோமம் மென்மை; தொடைப் பகுதி முரடு; வயிற்றடி ரோமத்தில் சாணமும் முள்ளும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தால் வாங்குபவன் தொடை ரோமத்துக்கு உண்டான விலையைத்தான் கொடுப்பான்.

எடையும் அப்படித்தான். கொட்டைப் புளிக்கும் கொட்டை எடுத்த புளிக்கும் ஒரே விலை கேட்டால் சிரிப்பார்கள். அலசாத ரோமத்தில் மண், வியர்வை உப்பு, கொழுப்பு எல்லாம் இருக்கும். கைப்பிடி ரோமத்தை நிறுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்காமல் ஊற வைத்து, காய்ந்த பின் மறுபடி நிறுத்தால் உண்மையில் எத்தனை கிராம் வாங்கினோம் என்பது தெரிந்துவிடும். தேய்த்தால் கட்டி தட்டிப் போகும், கவனம்.

புளி என்றதும் இன்னொன்று. தெலுங்கானா, கர்நாடகப் பகுதிகளில் தக்காணி ஆட்டு ரோமத்தில் நெய்யும் கம்பளிக்குப் பாவு நூலில் ஏற்றுவது புளியங்கொட்டைப் பசை. நம் மண்டியில் ஒதுக்கிக் கொட்டும் கொட்டைதான்.

இதில் பெரிய கிடங்கு வியாபாரம் நடக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஐம்பது ஆட்டுப் பட்டியில் வருடத்துக்கு முப்பத்தைந்து கிலோ ரோமம் வந்தால் பெரிது. நூற்பவரும் ஒருவர் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் கேட்கமாட்டார். இது சில்லறைக் கடைக்காரருக்கு ஏற்ற தொழில்: ஆட்டுக்காரரை நேரில் தெரிந்தவர், நம்பிக்கையோடு எடை போடுபவர், சரக்கைக் கலக்காதவர். ஆட்டுக்காரர் பகுதியில் கடை வைத்திருப்பவர்கள் முதலில் இரண்டு மூன்று பட்டிகளின் ரோமத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கத்தரிக்கும் அன்றே வெள்ளை தனி, நிறம் தனி, வயிற்றடி தனி என்று பிரித்துக் கட்டச் சொல்லி, அதற்காகக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டிலும் இனம், ஊர், கத்தரித்த மாதம் எழுதிய சீட்டு வைக்க வேண்டும்.

யூரியா சாக்கில் மட்டும் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் இழை ரோமத்தோடு கலந்தால் நூற்கும்போதுதான் தெரியும், அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். துணிப் பையில் நன்றாகக் காய்ந்த பிறகு கட்டி, பூச்சிக்கு நம் கடையிலேயே இருக்கும் வசம்பை இடித்து முடிச்சாகப் போட்டு, மிளகாய் மூட்டை பக்கத்தில் வைக்காமல் தனியாக அடுக்குவது நல்லது.