நாய் நடக்கிற நடையையும் கொஞ்சம் பாருங்க

மாட்டு நடையில் சின்ன மாற்றம் வந்தால் நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுத்தரையில் எழுந்திருக்கும்போது ஒரு நொடி கூடுதலாகத் தயங்கினால் போதும், "குளம்புல என்னமோ இருக்குது பாருங்க" என்று பால் கறக்க வருபவரே சொல்லிவிடுவார். அதே தோட்டத்தில் வருடக்கணக்காகக் காவல் காத்த நாய் காலைத் தாங்கித் தாங்கி நடந்தால் மட்டும், "வயசாச்சு" என்று முடித்துவிடுகிறோம். வயசு நோய் கிடையாது. மூட்டுத் தேய்மானம் நோய். முழுக்கக் குணமாகாது, ஆனால் சீக்கிரம் கண்டுகொண்டால் நாய்க்கு நல்லபடியாக இன்னும் பல வருடம் கிடைக்கும்.

வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடனுக்காகக் கால்நடை மருத்துவரோடு சந்தைக்குப் போவதுண்டு. அவர் ஒருவர் எப்போதும் சொல்வார், "நிக்கிற மாட்டைப் பாத்துக் கடன் குடுக்காதீங்க சார், நடக்க விட்டுப் பாருங்க, படுக்க வெச்சு எழுப்பிப் பாருங்க." நாய்க்கும் அதே பரீட்சைதான்.

கோபிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். மஞ்சள், வாழை, ஒரு போகம் நெல். நாய்கள் இரண்டு. கருப்பன் நாட்டு நாய். புருனோ லேப்ரடார், பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் மகன் கொண்டுவந்து விட்டது. (பிள்ளைகள் விட்டுப்போன லேப்ரடார் இல்லாத ஓய்வூதியர் வீடு இந்தப் பக்கம் குறைவு!) போன வருடம் அவனுக்கு ஏழு வயது.

எனக்கு முதலில் சேதி சொன்னது வரப்புதான். சேடை ஓட்டிய வாரம், வரப்பெல்லாம் ஈரம். காலையில் தண்ணீர் பார்க்கப் போனால் இரண்டு நாயின் தடமும் அச்சுப் போட்டதுபோல் விழுந்திருக்கும். நாய்கள் உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் தாங்கும். அதனால் முன்தடம் ஆழமாக இருப்பது இயல்பு. ஆனால் புருனோவின் இடது பின்தடத்துக்கு முன்னால் நகம் இழுபட்ட கோடு ஒன்று தெரிந்தது. ஒரு நாள் இருந்தால் சேற்றில் வழுக்கியது என்று விட்டுவிடலாம். நான்கு நாளும் அதே காலில் அதே கோடு.

அதற்குப் பிறகு வேலையோடு வேலையாக அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் எழும்போது முன்னங்காலை ஊன்றி, இடுப்பை இழுத்துத் தூக்கினான். ஐந்து நிமிடம் நடந்ததும் எல்லாம் சரியானது போல இருக்கும். இந்த "சரியானது போல" என்பதுதான் நம்மை ஏமாற்றும். தேய்ந்த மூட்டு ஓய்வுக்குப் பின் இறுகி, நடக்க நடக்க இளகும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி குதித்தான். ஒரே தாவலில் தாண்டும் வாய்க்காலை, மடைப் பலகை வரை சுற்றிப்போய்க் கடந்தான். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான். பின்னால் நின்று இரண்டு தொடையையும் இரண்டு உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தேன். இடது தொடைச் சதை மெலிந்திருந்தது கைக்கே தெரிந்தது. காசு செலவில்லாத சோதனை, எல்லோரும் செய்யலாம். வலிக்கிற காலில் பாரத்தைக் குறைத்துக் குறைத்துச் சதை வற்றிப்போயிருக்கும்.

முன்னங்காலில் கோளாறு என்றால் அடையாளம் வேறு. வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை தாழும். தலையைப் பார்த்தே எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, தொட்டால் உறுமுவது, வழக்கமாகப் படுக்கும் திண்ணையை விட்டுத் தரையில் படுப்பது, இவையும் சேதிதான். "வலிச்சா கத்துமில்லீங்க?" என்று கேட்பார்கள். நாள்பட்ட வலிக்குப் பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை. சோறும் தின்னும், வாலும் ஆட்டும்.

நொண்டுவதெல்லாம் மூட்டுத் தேய்மானமும் இல்லை. முதலில் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கில் முள், வெடிப்பு, உண்ணி பாருங்கள். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டி, காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். காலை ஊன்றவே முடியவில்லை, கால் வீங்கிவிட்டது, இடுப்பு விழுந்துவிட்டது என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

புருனோவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். போவதற்கு முன் அவன் எழுவதையும் நடப்பதையும் ஓடுவதையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அது ரொம்ப உதவியது. புது இடத்தின் பயத்தில் அங்கே ராஜநடை போட்டான். மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நீட்டிப்பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் பந்துமுனை இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தவில்லை. ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார்கள். லேப்ரடார், அல்சேஷன், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் பரம்பரையாக வருவது. குட்டி வளரும் மாதங்களிலேயே மூட்டு தளர்ந்துவிடும், அந்தத் தளர்வு வருடக்கணக்கில் உரசி உரசி மூட்டைத் தேய்க்கும். சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். இவனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

போவதற்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "சார், என்ற முழங்காலுக்குக் குடுத்த மாத்திரை இருக்குதுங்க, பாதி ஒடச்சுச் சோத்துல வெச்சு விடுங்க." வாங்கிப் பார்த்தால் டைக்ளோஃபினாக். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மனிதர்களுக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷமாகிவிடும். டைக்ளோஃபினாக்கும் இபுப்ரோஃபெனும் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும்.

இந்த டைக்ளோஃபினாக் கதை நம் இயக்கத்தாருக்குப் புதிதில்லை. இந்த மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அதனால்தான் 2006-லேயே கால்நடைகளுக்கு இது தடை செய்யப்பட்டது. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகள் நமக்குக் கண்ணெதிரே இருக்கிற சாட்சி. மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்டறியப்பட்டிருக்கிறது, நாய்களுக்கும் தருகிறார்கள். அதையும் இரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே தர வேண்டும். மஞ்சள், பிரண்டை எல்லாம் கேட்கிறார்கள். மஞ்சள் விளைவிக்கிறவன் நான், அதன் அருமை தெரியும். ஆனாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய இடத்தில் மஞ்சளை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மருந்தைவிட அதிகம் வேலை செய்தது எடைக் குறைப்பு. மஞ்சள் மூட்டை போடும் எடை மேடையில் நிறுத்தினோம். 41 கிலோ! ஆண் லேப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோ வரைதான் கணக்கு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் சோற்றைக் குறைப்பது எளிதாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் போடும் பிஸ்கட்டை நிறுத்துவதுதான் பெரும்பாடு. கடைசியில் என் மனைவி வாசலில் எழுதியே ஒட்டிவிட்டாள். எட்டு மாதத்தில் 35.5 கிலோ. விலாவைத் தடவினால் இப்போது எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

டைல்ஸ் தரை வழுக்காமல் சாக்கு விரித்தோம், படுக்கத் தேங்காய் நார் அடைத்த மெத்தை. நகத்தை மாதம் ஒருமுறை வெட்டுகிறோம். ஒரேயடியாக ஓடவிடாமல் காலையும் மாலையும் கொஞ்ச தூரம் நடை. நீச்சல் மூட்டில் பாரம் விழாத நல்ல பயிற்சி. வாய்க்காலில் இழுப்பு அதிகம் என்பதால் பண்ணைக்குட்டையில் விடுகிறேன். வரப்பில் அந்தக் கோடு இப்போது எப்போதாவதுதான் விழுகிறது, அதுவும் மார்கழிப் பனியில்.

ராக்காவலிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். பன்றி வருகிற காலத்தில் அது சின்ன முடிவில்லை. கருப்பன் தனியாகத் துரத்துகிறான், போன மாதம் வாழைக் கன்று நாற்பது போய்விட்டது. ஆனாலும் திரும்பி ஓட முடியாத நாயைப் பன்றிக் கொம்புக்கு முன்னால் நிறுத்த முடியாது. கருப்பனுக்குத் துணையாக ஒரு நாட்டுக் குட்டி தேடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் பெரிய இனத்துக் குட்டி வாங்குவதாக இருந்தால் தாயையும், முடிந்தால் தகப்பனையும் நடக்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். சீக்கிரம் வளரட்டும் என்று சுண்ணாம்புச் சத்து டானிக் ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிக்கு மிதமிஞ்சிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். ஐந்து, ஆறு மாதக் குட்டி ஓடியாடிவிட்டு நொண்டினால், அதை "வயசு" என்று சொல்லவும் வழியில்லை. அப்போதே காட்டிவிடுங்கள்.