விதை யாருடைய நிலத்தில் விழுகிறது?

இறுப்பிட்டியை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களை இன்று ஒரே இடத்தில் காண முடியாது. 1991இல் புங்குடுதீவு இராணுவத்தின் வசமானபோது குடாநாட்டுக்கு வந்தோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்தபோது தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனோம். 2009இல் எம்மவர் பலர் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். வேறு பலர் சுவிசிலும் கனடாவிலும் வாழ்கின்றனர்.

இந்த அலைச்சலின் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எம் மக்கள் ஒரு புதிய ஆராதனையைச் சந்தித்தார்கள். ஓலைக் கொட்டிலிலும் வீட்டு விறாந்தையிலும் கூடிய அந்தச் சபைகளில் கைதட்டிப் பாடினார்கள். அந்நிய பாஷையில் செபித்தார்கள். நோயாளர் மேல் கைவைத்தார்கள். இன்று அவற்றுட் சில பெரிய மண்டபங்களாகவும் ஒளிபரப்புகளாகவும் வளர்ந்துவிட்டன. சைவக் குடும்பங்களும் பழைய திருச்சபைக் குடும்பங்களும் அங்கே செல்கின்றன. இதனை எவ்வாறு எடைபோடுவது என்று பலர் கேட்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

இது திடீரென முளைத்ததல்ல. 1906இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா வீதியில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் தலைமையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அவர் அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். பெந்தகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவுவதற்கு அந்த எழுப்புதல் பெரிதும் வழிசெய்தது. அது இலங்கைக்கும் வந்தது. இலங்கை பெந்தகொஸ்தே மிஷன் கொழும்பில் தோன்றியது. 1967இல் அமெரிக்காவின் டுக்கேன் கத்தோலிக்க பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் பெற்ற அனுபவத்தோடு கத்தோலிக்கருக்குள்ளும் அருங்கொடை இயக்கம் பரவத் தொடங்கியது. ஆகவே இது வெளியே இருந்து எம்மைப் பார்க்கும் ஒன்றல்ல; எமது சொந்தச் செபக் கூட்டங்களிலும் இருக்கிறது.

இந்தச் சபைகளின் நன்மையை மறைப்பது நியாயமல்ல. ஆலயத்தில் வாய்திறக்க இடமில்லாத பெண்கள் அங்கே எழுந்து சாட்சி சொன்னார்கள். கணவனை இழந்தவளின் கையைப் பிடித்துச் செபிக்க அங்கே ஒருவர் இருந்தார். குடியை விட்டவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் சபையில் குண்டு வெடித்து, சிறுவர் பலர் உட்பட அநேகர் மாண்டனர். அவர்களும் எம்மைப் போலவே துயரப்பட்ட மக்கள். சத்தமாகப் பாடுவதும் கைதட்டுவதும் எமது கவலையல்ல. கவலை வேறு.

விதை விசுவாசம்

ஒரல் றொபேட்ஸ் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் 'விதை விசுவாசம்' என்ற போதனையைப் பரப்பினார். காணிக்கை ஒரு விதை. அதை விதைத்தால் கடவுள் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்பதே அதன் சாரம். விசுவாசி கேட்டு அறிக்கையிட்டால் செல்வமும் சுகமும் உரிமையாகக் கிடைக்கும் என்று வேறு சிலர் போதித்தனர். இத்தகைய போதனை இன்று தமிழிலும் தாராளமாகக் கேட்கிறது.

கமக்காரருக்கு விதையைப் பற்றிப் பிறர் படிப்பிக்கத் தேவையில்லை. பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைச் சோறாக்காதவர்கள் நாம். விதை எங்கள் நிலத்தில் விழ வேண்டும். மழை பெய்ய வேண்டும். அப்போதும் விளைச்சல் நிச்சயமில்லை. தரையைப் பாராமல் விளைச்சலுக்கு உத்தரவாதம் தருபவரை எந்தக் கமக்காரன் நம்புவான்? வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசையும், கிணறு திருத்த வைத்திருந்த காசையும் 'விதை' என்று கொடுத்தால், அது யாருடைய நிலத்தில் விழுகிறது, அறுவடை யாருடைய களத்துக்குப் போகிறது என்று கேட்பது அவிசுவாசமல்ல.

ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு மெச்சினார். ஆனால் அவளுக்குப் பல மடங்கு திருப்பிக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அதற்குச் சற்று முன்னர் விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைக் கண்டித்திருந்தார் என்பதையும் மறக்கலாகாது.

குற்றம் யாருடையது?

கேட்டது கிடைக்காதபோது, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லப்படுவது இந்தப் போதனையின் மிகக் கொடிய பகுதி. மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாயை நினைத்துப் பாருங்கள். காணி இழந்தது சாபம், மகன் திரும்பாதது அவிசுவாசம் என்றால், யுத்தம் செய்தவர் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. பாரம் முழுவதும் அவள் தலையில் ஏறுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. கடவுள் அவர்களையே கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றோரா என்று கேட்ட சீடர்களுக்கு இருவருமல்ல என்றே இயேசு விடையளித்தார்.

நோயும் விசுவாசத்தை அளந்து வருவதில்லை. 2020 மார்ச் 15இல் சுவிசிலிருந்து வந்த போதகர் ஒருவர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். அவருக்குக் கொவிட் தொற்று இருந்தது பின்னரே தெரிந்தது. யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர்கள் அவரோடு பழகியவர்களிடையே கண்டறியப்பட்டனர். ஆராதனைக்குச் சென்றோர் தனிமைப்படுத்தப்பட்டனர். செபித்தவருக்கும் நோய் வரும். அதனால் அவர் பாவியாகிவிடமாட்டார். நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்துவது விசுவாசத்துக்கு அடையாளமுமல்ல. செபமும் செய்வோம், கிளினிக்குக்கும் போவோம்.

பெந்தகொஸ்தேயினரே இதைக் கண்டித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஒவ் கோட் சபை, அறிக்கையிட்டால் எல்லாம் கிடைக்கும் என்ற போதனையை மறுத்து 1980இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆகவே இது பழைய சபைக்கும் புதிய சபைக்கும் இடையிலான சண்டையல்ல.

நாம் கேட்கவேண்டியவை

எந்தச் சபையாயினும், எமது சொந்தச் சபையாயினும், இவற்றைக் கேட்போம்:

1. காணிக்கைக் கணக்கு விசுவாசிகள் முன் வைக்கப்படுகிறதா?
2. மருந்தை நிறுத்தும்படி யாராவது சொல்கிறார்களா?
3. சைவராயிருக்கும் பெற்றோரின் மரணவீட்டில் கைகொடுக்கப் பிள்ளைகளை விடுகிறார்களா, அல்லது உறவை அறுக்கச் சொல்கிறார்களா?
4. செபம் பலிக்காத வீட்டுக்கு அடுத்த வாரமும் வருகிறார்களா?

நான்காவது கேள்வியே முக்கியமானது. அற்புதம் நடந்த வீட்டுக்கு எல்லோரும் வருவர். ஒன்றும் நடவாத வீட்டின் திண்ணையில் வந்து இருப்பவரே எம் அயலவர். ஊர்க் காணியைத் துப்புரவாக்கவும், நன்னீர்க் கிணற்றை இறைக்கவும், காணி உறுதிக்காகக் கச்சேரிக்கு அலையவும் கூட வருபவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் அவரோடு சேர்ந்து செபிக்க நாம் தயங்கவேண்டியதில்லை.