துப்பறிய யாருக்கு உரிமம் வேண்டும்?

மாப்பிள்ளைக்கு டாலஸில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. வீடியோ அழைப்பில் பையன் நன்றாகத்தான் பேசுகிறான். ஆனாலும் பெண்ணைப் பெற்றவருக்கு மனம் ஆறவில்லை. சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா? அங்கே ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருக்கிறதா?

அங்கிருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் காசு வாங்காமல் விசாரித்துச் சொன்னால் அவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அதையே முன்பின் தெரியாத ஒருவர், “ஐந்நூறு டாலர் கொடுங்கள், விசாரித்துத் தருகிறேன்” என்று தொழிலாகச் செய்தால், டெக்சாஸ் சட்டப்படி அவருக்கு உரிமம் வேண்டும். ஒருவருடைய அடையாளம், பழக்கவழக்கம், தொழில், இருப்பிடம் ஆகியவற்றைப் பிறருக்காகத் திரட்டிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்தாலே அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் துப்பறிவாளர்தான். தொப்பியும் பூதக்கண்ணாடியும் தேவையில்லை.

உரிமம் கொடுப்பது யார்?

இந்தத் தொழிலுக்கு அமெரிக்க மத்திய அரசு உரிமம் எதுவும் தருவதில்லை. அது மாநிலங்களின் வேலை. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், துறையும் மாறும். கலிபோர்னியாவில் நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் இருக்கும் ஒரு பணியகம் கொடுக்கிறது. டெக்சாஸில் ஓட்டுநர் உரிமம் தரும் பொதுப் பாதுகாப்புத் துறையே இதையும் பார்த்துக்கொள்கிறது. புளோரிடாவில் வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை. ஆரஞ்சுத் தோட்டங்களையும் பெட்ரோல் பங்குகளையும் கண்காணிக்கும் அதே துறைதான்! பென்சில்வேனியாவில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

உரிமமே கேட்காத மாநிலங்களும் உண்டு. ஐடஹோ, மிசிசிப்பி, தெற்கு டகோட்டா, வயோமிங் ஆகியவற்றில் மாநில அளவில் உரிமம் கிடையாது. சில ஊர்களில் நகராட்சி தனியாகக் கேட்கலாம். கொலராடோ 2015-இல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2021-இல் அந்தச் சட்டம் காலாவதியாக விடப்பட்டது.

ஏன் இந்தக் கடிவாளம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெயர்பெற்ற துப்பறியும் நிறுவனம் பிங்கர்டன். அது குற்றவாளிகளைத் தேடிப் பிடித்ததோடு நிற்கவில்லை, முதலாளிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலைநிறுத்தங்களை உடைக்கவும் ஆள் அனுப்பியது. 1892-இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் இரும்பாலைக்குப் படகுகளில் வந்திறங்கிய பிங்கர்டன் ஆட்களுக்கும் தொழிலாளர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டு, இரு தரப்பிலும் உயிர் போனது. அடுத்த ஆண்டே, அந்த நிறுவனத்தின் ஆட்களை மத்திய அரசு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. காசுக்குக் கிடைக்கும் தனியார் போலீசைப் பற்றிய அச்சம் அன்று பிடித்தது.

இன்றைய அச்சம் தகவலைப் பற்றியது. 1989-இல் நடிகை ரெபெக்கா ஷெஃபரை அவருடைய லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு வாசலிலேயே ஒரு வெறிபிடித்த ரசிகன் சுட்டுக் கொன்றான். அவனுக்கு அவருடைய முகவரி கிடைத்தது ஒரு துப்பறியும் நிறுவனம் மூலமாக. அந்த நிறுவனம் அதை எடுத்தது கலிபோர்னியாவின் வாகனப் பதிவு அலுவலக ஆவணத்திலிருந்து. இதன் தொடர்ச்சியாக 1994-இல் வாகன ஓட்டிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் மத்திய சட்டம் வந்தது. அதன்படி ஓட்டுநரின் முகவரியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்க முடியாது. நீதிமன்ற வழக்கு, காப்பீட்டு விசாரணை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே தரலாம். அந்தக் காரணங்களுக்காகக் கேட்கலாம் என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவோரில் உரிமம் பெற்ற துப்பறிவாளரும் ஒருவர். மற்றவர்களுக்குப் பூட்டிய அலமாரிக்கு அவர் கையில் ஒரு சாவி இருக்கிறது. அது யார் கையில் போகிறது என்று பார்த்துக் கொடுப்பதற்குத்தான் இத்தனை நிபந்தனைகள்.

என்ன தகுதி வேண்டும்?

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள், அதாவது 6,000 மணி நேரம், சம்பளத்துக்கு விசாரணை வேலை செய்திருக்க வேண்டும். சட்டமோ காவல் அறிவியலில் நான்காண்டுப் பட்டமோ படித்தவர்களுக்கு 4,000 மணி நேரம் போதும். கைரேகை கொடுத்து, மாநில நீதித்துறையும் எஃப்.பி.ஐ.-யும் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகு, இரண்டு மணி நேர எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி.

நியூயார்க்கில் வயது 25 ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டு அனுபவம், தேர்வு ஆகியவற்றோடு 10,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கேட்கிறார்கள். புளோரிடாவில் இரண்டாண்டு அனுபவம். அனுபவம் இல்லாதவர் 40 மணி நேரப் பயிற்சி முடித்து ‘சி.சி.’ வகுப்புப் பயிற்சி உரிமம் வாங்கி, ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரின் கீழ் தொழில் பழக வேண்டும். பிறகுதான் ‘சி’ வகுப்பு உரிமம். ஏஜென்சி நடத்த வேண்டுமானால் ‘ஏ’ வகுப்பு.

இவை எதுவும் இல்லாமல் கலிபோர்னியாவில் தொழில் செய்து மாட்டினால் 5,000 டாலர் அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

யாருக்கு விலக்கு?

சட்டத்தின் சுவாரசியமான பகுதி இதுதான். விசாரணையையே அன்றாட வேலையாகச் செய்யும் பலருக்கு உரிமம் தேவையில்லை. கலிபோர்னியா, நியூயார்க் சட்டங்களைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் அரசு ஊழியர். போலீஸ்காரர் பணி நேரத்தில் விசாரிக்க உரிமம் கேட்க மாட்டார்கள். ஆனால் அதே போலீஸ்காரர் ஓய்வுபெற்ற பிறகு, “முப்பது வருஷ சர்வீஸ்” என்று பலகை மாட்டித் தனியாகத் தொழில் தொடங்கினால் உரிமம் வாங்கியாக வேண்டும். அவருடைய சர்வீஸ் அனுபவக் கணக்கில் சேரும், உரிமத்துக்கு ஈடாகாது.

அடுத்து வழக்கறிஞர். தன் கட்சிக்காரருக்காக வழக்கு தொடர்பாக அவர் சாட்சிகளைத் தேடலாம், விசாரிக்கலாம். தவறு செய்தால் அவருடைய சன்னதுக்கே ஆபத்து என்பதால், துப்பறியும் உரிமம் வேறு தேவையில்லை என்று சட்டம் நினைக்கிறது.

மூன்றாவது, ஒரே முதலாளியிடம் நிரந்தரமாக வேலை பார்ப்பவர். பெரிய கடையில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊழியர் இந்த வகை. அந்த முதலாளியின் விவகாரத்தை மட்டும் அவர் விசாரிக்கிறார், பதில் சொல்வதும் அவருக்குத்தான். அதே ஆள் வேலையை விட்டுவிட்டு மூன்று கடைகளுக்குக் ‘கான்ட்ராக்ட்’ முறையில் அதே வேலையைச் செய்தால் விலக்கு போய்விடும். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். விசிட்டிங் கார்டில் என்ன பதவி அச்சாகியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. சம்பளக்காரரா, ஒப்பந்தக்காரரா என்றே பார்க்கிறது.

காப்பீட்டு நிறுவனங்கள், கடன் தகுதியை மட்டும் மதிப்பிடும் நிறுவனங்கள் போன்றவற்றுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. பொது ஆவணங்களிலிருந்து மட்டும் தகவல் எடுத்துத் தருபவரையும் கலிபோர்னியா விட்டுவிடுகிறது.

பட்டியலை மொத்தமாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு தர்க்கம் புலப்படும். வேறொரு கடிவாளத்தின் கீழ் ஏற்கெனவே இருப்பவருக்கு விலக்கு. யாருக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் பிறர் வாழ்க்கையைத் துருவுபவருக்கு உரிமம். இந்தக் கோடு எப்போதும் தெளிவாக விழுவதில்லை. டெக்சாஸ் 2007-இல் கணினித் தரவுகளை ஆராய்ந்து தகவல் எடுப்பதையும் விசாரணையாகச் சேர்த்தது. கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் பதறிப்போய், ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் தாங்களும் துப்பறிவாளர்களா என்று வழக்குத் தொடுத்தார்கள்.

உரிமம் இருந்தாலும் முடியாதவை

உரிமம் வாங்கியவர் போலீஸ் ஆகிவிட மாட்டார். பொதுத் தெருவில் நின்று பார்க்கலாம், அக்கம்பக்கத்தில் கேட்கலாம், நீதிமன்ற ஆவணங்களைப் புரட்டலாம். பூட்டிய வீட்டுக்குள் நுழைய முடியாது. தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் முடியாது. ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு வேலை பார்த்த அந்தோணி பெலிகானோ என்ற துப்பறிவாளர் ஒட்டுக்கேட்ட குற்றத்துக்காக 2008-இல் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

வேறொருவர் போல நடித்துப் பேசி வங்கித் தகவலைக் கறப்பது 1999 முதல் மத்திய குற்றம். 2006-இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் அமர்த்திய விசாரணையாளர்கள் அதே தந்திரத்தில் இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் தொலைபேசிப் பதிவுகளை எடுத்தது அம்பலமானது. அதன் பிறகு தொலைபேசிப் பதிவுகளுக்கும் தனிச் சட்டம் வந்தது.

உரிமம் மாநில எல்லையோடு நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. சில மாநிலங்கள் தங்களுக்குள் குறுகிய கால உடன்பாடு வைத்திருக்கின்றன. அது இல்லாத இடத்தில் பக்கத்து மாநிலத்துக்குள் பின்தொடர்ந்து போனால் அங்கே அவர் உரிமம் இல்லாதவர்தான்.

பணம் கொடுக்கும் முன்

பெண்ணைப் பெற்றவரிடம் திரும்புவோம். அவர் பெரும்பாலும் சென்னையில் ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியைத்தான் அணுகுவார். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கானது. துப்பறியும் நிறுவனங்களுக்கென 2007-இல் மாநிலங்களவையில் வந்த மசோதா சட்டமாகவில்லை. எனவே சென்னைக்காரரிடம் துப்பறியும் உரிமம் கேட்டால், காட்ட அவரிடம் எதுவும் இருக்காது.

ஆனால் டாலஸில் அவருக்காக நேரில் போய் விசாரிக்கப்போகும் ஆளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. அவர் எந்த நிறுவனம், அதன் டெக்சாஸ் உரிம எண் என்ன என்று கேளுங்கள். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அதை யாரும் சரிபார்க்கலாம். மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கையும் தொலைபேசிப் பட்டியலையும் எடுத்துத் தருவதாக அந்த ஆள் வாக்குக் கொடுத்தால், உரிமம் இருந்தாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் வீட்டு விஷயத்தில் குற்றத்துக்குத் துணைபோன பழி, கல்யாணத்துக்கு முன்பே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.