ஒரே வகுப்பு, மூணு விதப் பாடம்: ‘எண்ணும் எழுத்தும்’ எப்படி நடக்குது?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால், பல குழந்தைகளுக்கு வாசிப்பும் கணக்கும் விட்டுப்போனது. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. பிறகு 4, 5-ம் வகுப்புக்கும் வந்தது.

என்ன வித்தியாசம்?
எந்த வகுப்பு என்பதைவிட, குழந்தைக்கு இப்போ என்ன தெரியும் என்பதே முக்கியம். செயலியில் மதிப்பீடு செய்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

கோடியக்கரையில் எப்படி இருக்கலாம்?
உப்பளம் பார்த்து வளரும் பிள்ளைகள். அரும்புக் குழந்தை ‘உப்பு’ என எழுத்துக்கூட்டும். மொட்டு, பூநாரை பற்றி ஒரு வரி வாசிக்கும். மலர், உப்பு மூட்டைகளைக் கூட்டிக் கணக்குப் போடும்.

டெக்னாலஜி மட்டும் போதுமா?
போதாது. பாடநூல் க்யூஆர் கோடு, மணற்கேணி செயலி வீடியோ எல்லாம் துணைக்குத்தான். ஆன்லைன் பதிவுக்கே நேரம் போகுது என்பது ஆசிரியர் சங்கங்களின் புகார். பதிவு முடிந்ததும் பின்தங்கிய குழந்தை பக்கத்தில் டீச்சர் உட்கார நேரமில்லை என்றால், மதிப்பீட்டால் பலனில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?
‘என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?’ என்று டீச்சரிடம் கேளுங்க. 3-ம் வகுப்பிலும் வாசிக்க வரலைன்னா, மற்ற பாடங்களும் கைவிட்டுப் போகும்.