ஒருமுறை இறக்கினால் போதும், எல்லாக் கணினிக்கும் அப்டேட்!

கடையத்தில் ஒரு சேவை மையத்துக்கு வருமானச் சான்று விண்ணப்பிக்கப் போறீங்க. "நெட் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்கிறார்கள். அங்குள்ள கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்குவதும் காரணமாக இருக்கலாம். 1 ஜிபி அப்டேட்டை 10 கணினிகள் தனித்தனியே இறக்கினால் 10 ஜிபி டேட்டா காலி!

தீர்வு என்ன?

பிராக்ஸி சர்வர். மையத்தின் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் இருக்கும் கணினி இது. முதல் கணினி கேட்கும் அப்டேட்டை இறக்கித் தந்துவிட்டு, ஒரு நகலைச் சேமித்து வைக்கும். மற்ற 9 கணினிகளுக்கும் அந்த நகலே போகும். இதற்குப் பெயர் 'கேஷிங்'. 'ஸ்குவிட்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டே இதை அமைக்கலாம். எச்டிடிபிஎஸ் வழியாக வரும் கோப்புகளை மட்டும் சாதாரணமாக இப்படிச் சேமிக்க முடியாது.

நகல் பாதுகாப்பானதா?

ஆம். நிறுவும் முன் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் சரிபார்க்கும். யாராவது கோப்பை மாற்றியிருந்தால் ஏற்காது.

உங்கள் வீட்டில்

• 2, 3 விண்டோஸ் கணினிகள் இருந்தால் தனி சர்வர் வேண்டாம். விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' போய், 'லோக்கல் நெட்வொர்க்' என்பதைத் தேர்வு செய்யுங்க.
• போனில், பிளே ஸ்டோர் அப்டேட்டை 'வைஃபையில் மட்டும்' என வையுங்க.

டேட்டா தீருதேன்னு அப்டேட்டையே நிறுத்திடாதீங்க. உங்கள் ஆதார், வங்கி விவரங்களைத் திருட வழிவிடும் ஓட்டைகளை அடைப்பது அந்த அப்டேட்தான்.