மக்கு இல்லை, என் மகன்!

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பாட்டி சொன்ன கதையை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால், பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், தடுமாற்றம்தான். 'பள்ளி'யை 'பல்லி' என்பான். எழுத்துக்கூட்டி ஒரு பத்தியைப் படித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். "என்னடா படிச்சே?" என்று கேட்டால், திருதிருவென விழிப்பான்.

"கவனம் போதாது" என்றார் டீச்சர். "விளையாட்டுப் புத்தி" என்றார் என் கணவர். ஞாபக சக்திக்காக வல்லாரையும் வெண்டைக்காயுமாகச் சமைத்துப் போட்டேன். பலன் இல்லை என்றதும் கரண்டியைத் தூக்கினேன். ஒருநாள், "கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரி ஓடிப் போயிடுதும்மா" என்று தேம்பினான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வற்புறுத்தவே, டாக்டரிடம் காட்டினோம். கண், காது இரண்டும் சரியாக இருந்தன. உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவர் சோதித்துவிட்டு, "இது டிஸ்லெக்சியா. அறிவுக் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை" என்றார்.

பிறகு ஒரு தாளைத் தலைகீழாக என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். தட்டுத் தடுமாறிப் படித்தேன். "என்ன விஷயம் சொல்லியிருக்கு?" என்றார். இப்போது நான் விழித்தேன்!

படிக்கும்போது வார்த்தைகளை மனசில் சிறிது நேரம் தாங்கும் இடம், உள்ளங்கை அளவுதானாம். எழுத்தைக் கூட்டுவதிலேயே அது நிரம்பிவிட்டால், அர்த்தத்துக்கு இடம் ஏது? இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அந்த இடமே கொஞ்சம் குறுகலாக இருக்குமாம். மூன்று சாமான் வாங்கச் சொன்னால் இவன் ஏன் ஒன்றை மறந்து வருகிறான் என்பது அன்றுதான் புரிந்தது.

இப்போது பாடத்தை முதலில் நான் வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு மூன்று வரி முடிந்ததும், அவன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பிறகு வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து அவனே படிப்பான். எழுத்துக்கும் ஒலிக்குமான பயிற்சியை சிறப்பு ஆசிரியை தனியாகத் தருகிறார். வேலை சொன்னாலும் ஒவ்வொன்றாகத்தான் சொல்கிறேன்.

2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு.

இன்னமும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால், போன வாரம் அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியைத் தானே படித்துவிட்டு, அடுப்படிக்கு ஓடி வந்து, செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று எனக்குச் சொன்னான். அடுப்பை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டேன்.

சகோதரிகளே! கேட்டதைச் சொல்லும் பிள்ளை, படித்ததைச் சொல்லத் தெரியாமல் விழித்தால், என்னைப் போலக் கரண்டியைத் தூக்காதீர்கள். முதலில் தகுந்தவர்களிடம் காட்டுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.